வெள்ளிக்கிழமைத் தமுக்கு

ஐயம்பெருமாள் பிள்ளைக்கு மந்திரியாக வேண்டும் என்று ஆசை. ஏதோ ஒரு மந்திரி இல்லை, கல்வி மந்திரி. 1917ஆம் வருஷம் ஆவணி மாதம் வரை அப்படி ஓர் உத்தியோகம் இந்தத் தேசத்தில் யாருக்கும் தெரியாது. அந்த மாதம் லண்டனில் ஒரு துரை எழுந்து, இந்தியர்களுக்கும் ஆட்சியில் படிப்படியாகப் பொறுப்புத் தரப்படும் என்று சொன்னார். செய்தி திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே, அந்தப் படிகளில் தன்னுடையது எது என்று பிள்ளை தேட ஆரம்பித்துவிட்டார்.

வெறும் ஆசைக்காரர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. தாலுகா போர்டில் உபதலைவர். கல்விக் கமிட்டிக்குத் தலைவர். சென்னையில் புதிதாக ஆரம்பித்திருந்த கட்சியில் இந்த ஜில்லாவிலிருந்து முதலில் சேர்ந்தவர். மூன்று வருஷத்தில் பதினோரு பள்ளிக்கூடம் திறந்திருந்தார். அதில் ஒன்பது இன்னும் நடந்தன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார வேண்டும், பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசினார். முக்கூடலில் அவர் பேச ஆரம்பித்தபோது மேயப் போன மாடுகள், முடிப்பதற்குள் தாமாகவே தொழுவத்துக்குத் திரும்பியிருந்தன. பேச்சு அவ்வளவு நீளம். ஆனால் அதில் பொய் கிடையாது. அவர் சொன்னதை அவர் நம்பினார்.

பெரிய ஊர்களில் பள்ளிக்கூடம் திறக்கிற நாள் எப்போதும் விஜயதசமிதான். தாம்பாளத்தில் புது நெல்லைப் பரப்பி, ஊர்ப் பிள்ளை ஒன்றை மடியில் உட்கார வைத்து, அதன் சுட்டுவிரலைப் பிடித்து நெல்லின் மேல் ‘அ’ எழுத வைப்பார். ஏடு தொடங்குதல் என்று அதற்குப் பெயர். ஐயம்பெருமாள் பிள்ளைக்கு ராசியான கை என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. ஆடி மாதமே கடுதாசிகள் வர ஆரம்பிக்கும். ஒரு வருஷம் திசையன்விளை, ஒரு வருஷம் முக்கூடல், ஒரு வருஷம் சேரன்மகாதேவி. சேரன்மகாதேவியில் ஒரே நாளில் நாற்பது பிள்ளைகளுக்கு விரல் பிடித்து, சாயங்காலம் கை வீங்கி வீடு வந்து சேர்ந்தார்.

அவர் வீட்டில் ஒரு பெண் இருந்தது. பெயர் பிரம்மநாயகி. வயது ஏழு. அதற்கு இன்னும் ஏடு தொடங்கவில்லை.

காரணம் எளியது. அந்த வீட்டு வழக்கப்படி, விஜயதசமியன்று பெற்ற தகப்பன்தான் விரல் பிடிக்க வேண்டும். மாமா பிடித்தால் ஆகாது, வாத்தியார் பிடித்தால் ஆகாது. அது நடக்காமல் பள்ளிக்கூடத்துப் படி ஏறினால் படிப்பு தலையில் ஏறாது என்பது அவர் மனைவி ஞானம்பாளின் தீர்மானம். தாலுகா போர்டுத் தீர்மானத்தை நாலு பேர் கை தூக்கி மாற்றலாம். ஞானம்பாளின் தீர்மானத்தை மாற்றக் கை தூக்கியவர் யாரும் அந்த வீட்டில் இல்லை.

மூன்று வருஷமும் விஜயதசமிக்கு முந்தின நாள் ஒரே பேச்சுத்தான் நடந்தது.

“நாளைக்குமா போறீய?”

“ஊரே காத்துக் கெடக்கு, ஞானம்.”

“இவளுந்தான் காத்துக் கெடக்கா.”

“இவ எங்க போயிரப் போறா? அடுத்த வருசம் பாப்போம்.”

பிரம்மநாயகிக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் என்றால் என்ன என்று எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் விசாரித்து வைத்திருந்தது. அந்த விசாரணையில் அதற்குப் பிடித்த சங்கதி ஒன்றுகூட அகப்படவில்லை.

*

பதினோரு பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. உள்ளே பிள்ளைகளைக் காணோம். கார் நெல் அறுப்பு, கன்றுக்குட்டி, தம்பிப் பாப்பா என்று வீட்டுக்கு ஒரு சாக்கு. பிள்ளை யோசித்தார். அபராதம் போடச் சட்டம் இல்லை. அடிக்க முடியாது. கடைசியில் அவர் கண்டுபிடித்ததுதான் தமுக்கு.

ஐந்து முதல் பத்து வயது வரை பிள்ளை இருந்தும் பள்ளிக்கு அனுப்பாத தகப்பன் பெயரை வெள்ளிக்கிழமை காலையில் தமுக்கடித்துத் தெருத் தெருவாகச் சொல்வது. ஆணோ பெண்ணோ விலக்கு இல்லை. அடுத்த இரண்டு வாரத்துக்குள் பிள்ளை தொடர்ந்து ஆறு நாள், காலை மணி முதல் சாயங்கால மணி வரை பள்ளியில் இருந்தால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். இல்லையென்றால் மறுபடியும் தமுக்கு. இதைப் போர்டில் கொண்டுவந்தபோது அத்தனை பேரும் கை தூக்கினார்கள். வேறு யார் பெயரோதான் வரும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

திட்டம் பலித்தது. வேறு தொந்தரவுகளும் வந்தன. தன் பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீமான்’ சேர்க்க வேண்டும் என்று ஒருவர் மனுக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் பெயரை இரண்டு தடவை சொல்லிவிட்டுத் தன் பெயரை ஒரு தடவை மட்டும் சொன்னதாக இன்னொருவர் சண்டைக்கு வந்தார். மேலரத வீதியில் தன் பெயர் ஒலித்த சந்தோஷத்தில் ஒரு எண்ணெய் வியாபாரி பிள்ளையை அனுப்பவே மறுத்துவிட்டார்.

பட்டியல் எழுதுகிற வேலை போர்டு குமாஸ்தா நேசையாவுடையது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்து வந்தவர். வீடு வீடாகப் போய், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவார். பார்த்ததை எழுதாமலும் இருக்க மாட்டார். தமுக்கடித்துச் சொல்வது சேவகன் மதார். அவன் குரல் கொக்கிரகுளத்தில் கிளம்பினால் வண்ணார்பேட்டையில் தூங்குகிறவன் புரண்டு படுப்பான்.

புரட்டாசி கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நேசையா பட்டியலோடு பிள்ளை முன் வந்து நின்றார். பிள்ளை அவசரத்தில் இருந்தார். மறுநாள் காலை சென்னையிலிருந்து கட்சிக் காரியதரிசி வருகிறார். ஜில்லாவுக்கு ஒருவராகப் பெயர் பொறுக்கி, சர்க்காரிடம் கொடுக்கக் கட்சி பட்டியல் போடப்போகிறது. அதில் பெயர் இருந்தால் சட்டசபை. சட்டசபையில் இருந்தால் நாளைக்கு மந்திரி.

“ஐயா, இந்த வாரம் கீழ்ப்பக்கத் தெரு எல்லாம் முடிச்சாச்சு. ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா நல்லது.”

“என்னைக்கு வே நான் வாசிச்சுருக்கேன்?”

“இல்லைய்யா. இந்த வாரம் மட்டும்.”

“நேசையா, இதைக் கேட்டுக்கிடும். யார் பேரு இருக்குன்னு பாத்தா மனசு இளகும். இவன் நம்மாளு, அவன் சொந்தக்காரன்னு தோணும். பாக்காமப் போட்டாத்தான் அது நியாயம்.”

“அப்ப சரிங்கய்யா” என்றார் நேசையா. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது.

*

காரியதரிசி ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். வில்வண்டியில் அவரை உட்கார வைத்து, ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார் பிள்ளை. தமுக்குத் திட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வரும்போதே, தெரு முனையில் சத்தம் கேட்டது.

“நல்ல சமயம்” என்று வண்டியை நிறுத்தச் சொன்னார் பிள்ளை. “நம்ம ஆளுதான். கேளுங்க.”

டம் டம் டம் என்று மூன்று தட்டுத் தட்டினான் மதார். தொண்டையைச் செருமினான்.

“இதனால சகலமான பேருக்கும் அறிவிக்கிறது என்னன்னா! பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத தகப்பன்மாரு பேரு! முதல் பேரு, தாலுகா போர்டு உபதலைவர், கல்விக் கமிட்டித் தலைவர், ஐயம்பெருமாள் பிள்ளை அவர்கள்! மகள் பிரம்மநாயகி! வயசு ஏழு!”

டம் டம் டம்.

பிள்ளைக்கு முதலில் தன் பட்டங்கள் காதில் விழுந்தபோது உடம்பு தானாக நிமிர்ந்தது. மேடையில் வந்த பழக்கம். பெண்ணின் வயது வந்தபோதுதான் சங்கதி உள்ளே இறங்கியது. மதார் நிமிர்ந்து பார்த்தான். வண்டியில் யார் என்று பார்த்ததும் தட்டுகிற குச்சி அந்தரத்தில் நின்றது.

“நிறுத்தாதலே” என்றார் பிள்ளை. என்ன சொல்வது என்று தெரியாமல்தான் சொன்னார்.

காரியதரிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்கள் பெயரையே சொல்லச் சொன்னீர்களா?”

பிள்ளை தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

“பட்டியலில் கையெழுத்து யாருடையது?”

“என்னோடதுதான்.”

“பதினைந்து ஜில்லா சுற்றிவிட்டேன்” என்றார் காரியதரிசி. “அடுத்தவன் பெயரைத் தமுக்கடிக்க எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். சொந்தப் பெயரைத் தமுக்கடிக்கத் துணிந்த ஒரு மனிதனை இங்கேதான் பார்க்கிறேன். உங்கள் பெயரை நானே சென்னையில் முன்மொழிகிறேன். கூப்பிட்டால் தந்தி வரும். உடனே கிளம்பி வர வேண்டும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “ஆனால் ஒன்று. இதே பெயர் இரண்டாம் தடவை ஒலிக்கக் கூடாது. முதல் தடவை நேர்மை. இரண்டாம் தடவை எதிர்க்கட்சிப் பத்திரிகை கார்ட்டூன் போடும். என்னாலும் காப்பாற்ற முடியாது.”

அன்று மத்தியானம் பிள்ளை நேசையாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“எழுதுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா வே?”

“சொன்னேனேய்யா, வாசிச்சுப் பாருங்கன்னு.”

“எம் பேரு இருக்குன்னு சொல்லலயே!”

“யார் பேரு இருக்குன்னு தெரிஞ்சா மனசு இளகும்னு நீங்கதான் சொன்னிய” என்றார் நேசையா.

*

விஜயதசமி அடுத்த வியாழக்கிழமை வந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அழைப்புக்கு உடம்புக்குச் சுகமில்லை என்று எழுதிவிட்டு, பிள்ளை வீட்டில் உட்கார்ந்தார். ஞானம்பாள் தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பினாள். பிள்ளை தன் மகளை மடியில் இருத்தி விரலைப் பிடித்தார். ஊரார் பிள்ளைகள் நாற்பது பேரும் கொடுத்த விரலை அவர் பெற்ற பெண் கொடுக்க மறுத்தது. முஷ்டியை மடக்கிக்கொண்டது. முஷ்டியாலேயே ஒரு ‘அ’ போட்டார். நெல் பாதி கீழே கொட்டியது.

“எழுதியாச்சு” என்றார்.

“ஏதோ ஒண்ணு எழுதியாச்சு” என்றாள் ஞானம்பாள்.

கணக்கு இறுக்கமாக இருந்தது. வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஆறு நாள். அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை இரண்டாம் தமுக்கு. ஒரு நாள் தவறினாலும் மதார் வாயில் மறுபடி ஐயம்பெருமாள் பிள்ளையின் பெயர்.

வெள்ளிக்கிழமை காலை மகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார். நடத்திக்கொண்டு போகத்தான் பார்த்தார். அது தெருவில் படுத்துக்கொண்டது. பாலம் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவரே இரண்டு வருஷத்துக்கு முன்னால் திறந்த பெண் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை சாரம்மாள் வாசலில் நின்றாள். நாற்பது வயது, வெள்ளைச் சேலை, கையில் பிரம்பு. பிரம்பை அவள் யார் மேலும் வைத்ததில்லை. வைப்பாள் என்கிற எண்ணத்திலேயே வகுப்பு நடந்தது.

பிரம்மநாயகி தகப்பனின் வேட்டி முனையைக் கையில் சுற்றிக்கொண்டு பாயில் உட்கார்ந்தது. அவர் எழுந்தால் அதுவும் எழுந்தது. அவர் வாசல் வரை போனால் அது தெரு வரை போனது.

“ஐயா, இப்படி நின்னுட்டும் உக்காந்துட்டும் இருந்தா மத்த பிள்ளைக எப்படிப் படிக்கும்?” என்றாள் சாரம்மாள். “ஒண்ணு போங்க. இல்லைன்னா உக்காருங்க.”

பிள்ளை உட்கார்ந்தார்.

முப்பது சிறுமிகளுக்கு நடுவில் தலைப்பாகையும் கோட்டுமாக, காலை மடக்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். சனிக்கிழமையும் உட்கார்ந்தார். திங்கட்கிழமை கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை ஜன்னலில் ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் செய்தி பரவியிருந்தது.

“என்ன அண்ணாச்சி, எந்த வகுப்பு?” என்று ஒருவன் கேட்டான்.

“போலே” என்றார் பிள்ளை. சாரம்மாள் மேசையைத் தட்டினாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

பள்ளியைத் திறந்து வைத்தபோது அந்தக் கட்டடத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். கூரையில் மூன்று இடத்தில் வானம் தெரிகிறது என்பதும், முப்பது பேருக்கு எட்டுப் பலகை என்பதும், மத்தியானத்துக்கு மேல் பாதிப் பிள்ளைகள் பசியில் தூங்கி விழுகின்றன என்பதும் இப்போதுதான் தெரிந்தது. சாரம்மாளிடம் கேட்டார். போர்டுக்கு ஏழு மனுப் போட்டதாகச் சொன்னாள். அந்த மனுக்கள் எங்கே போயின என்று பிள்ளை கேட்கவில்லை. அவை வந்து சேருகிற மேசை அவருடையது.

*

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தந்தி வந்தது. தபால்காரன் வகுப்புக்குள்ளேயே வந்து கொடுத்துவிட்டுப் போனான். நாளை மாலை சென்னையில் கூட்டம், பெயர்கள் முடிவாகும், நேரில் வரவும் என்று இருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு ரயில். அதைப் பிடித்தால் நாளைக் காலை சென்னை. விட்டால் கூட்டம் இல்லை. ஆனால் போனால் இன்றும் நாளையும் இந்தப் பெண் பாயில் உட்காராது. வெள்ளிக்கிழமை தமுக்கு.

ஆள் விட்டு நேசையாவை வரவழைத்தார். வாசலிலேயே நின்று பேசினார். வேட்டி முனை உள்ளே மகளின் கையில் இருந்தது.

“வே, நாலு நாள் இருந்தாச்சு. இன்னைக்குப் பாதி. நாளைக்கு ஒரு நாள். எல்லாத்தையும் சேத்து ஆறுன்னு எழுதிக்கிட்டா என்ன?”

“ரெண்டு நாளும் முழுசா இருந்தா எழுதுதேன்யா.”

“இருக்காதே!”

“அப்ப எழுதலை.”

“சட்டத்துல ஒரு வழியும் கெடையாதா?”

நேசையா நிஜமாகவே யோசித்தார். “இருக்குய்யா. போர்டு கூடி விலக்குக் கொடுக்கலாம். அடுத்த கூட்டம் கார்த்திகை மாசம்.”

பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினார். ஞானம்பாள் வண்டியில் வந்து இறங்கினாள். பள்ளி வாசலுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் நின்றாள்.

“ரெண்டே நாளு, ஞானம். நீ உள்ள உக்காந்தா அவளும் உக்காருவா. எனக்குச் சட்டசபையே இதுலதான் இருக்கு.”

“நானா?” என்றாள் ஞானம்பாள். “நான் எப்படிப் பள்ளிக்கூடத்துப் படி ஏற முடியும்? எனக்கு ஆரு ஏடு தொடங்குனா? எங்கப்பாவும் உங்களை மாரித்தான். ஊருக்கு உழைச்சவுக. அடுத்த வருசம், அடுத்த வருசம்னு சொல்லி உங்க கையில பிடிச்சுக் குடுத்துட்டாக.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

பிள்ளை பாய்க்குத் திரும்பினார். மணி பன்னிரண்டு அடித்தது. அவர் எழுந்து பார்த்தார். வேட்டி இழுபட்டது. உட்கார்ந்தார். பைய மகளின் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். நெல்லில் எழுதிய அன்றைக்கு எப்படி மடங்கியிருந்தனவோ அப்படியே மடங்கியிருந்தன. மேல்வேட்டியைச் சுருட்டித் தன் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்து பார்த்தார். பிரம்மநாயகி அதை ஒரு பார்வை பார்த்தது, அவரை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையில் ஞானம்பாள் இருந்தாள்.

ஒரு மணி ஆயிற்று. பள்ளிக்குப் பின்னால் ரயில் ஊதியது. பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்கிற சத்தம் சுவர் வழியாக வந்தது. கூரையிலிருந்து கொஞ்சம் தூசி உதிர்ந்தது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் தாழையூத்துப் பக்கமாகப் போய்த் தேய்ந்து நின்றது.

பிரம்மநாயகி வேட்டியை விட்டது. எழுந்தது. நாலு பாய் தள்ளி, இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமிக்குப் பக்கத்தில், தூங்கிச் சாய்ந்த ஒருத்தி விட்ட இடத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. அந்தச் சிறுமி பலகையில் பாதியை அதன் பக்கம் நகர்த்தியது.

“நீங்க போங்கப்பா” என்றது பிரம்மநாயகி. “பிள்ளைக எல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்குதுக.”

பிள்ளை மகளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐந்து.

“இதைக் கொஞ்சம் முன்னால சொல்லக் கூடாதாட்டி?”

“முன்னால இவ பக்கத்துல எடம் இல்ல.”

சாரம்மாள் இரண்டாம் வாய்ப்பாட்டை ஆரம்பிக்கப் பிரம்பைத் தூக்கினாள். நடுப்பாயில் ஒற்றையாக உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கண்டதும் இறக்கினாள்.

“ஐயா, போறதுன்னா போகலாம். பிள்ளை இனி இருக்கும்.”

போக இடம் ஒன்றும் தோன்றவில்லை. போர்டு ஆபீசில் நேசையா இருப்பார். வீட்டில் ஞானம்பாள் இருப்பாள். ஸ்டேஷனில் ரயில் இல்லை.

“பெல் அடிக்கட்டும்” என்றார் பிள்ளை.

“இருக்கதுன்னா சத்தமாச் சொல்லணும். என் வகுப்புல சும்மா உக்காந்திருக்க விடுறதில்ல.”

முப்பது தலைகள் திரும்பி அவரைப் பார்த்தன. பிள்ளை காலை நன்றாக மடக்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“ஓரெண்டு ரெண்டு” என்று ஆரம்பித்தார். மேடைக்காகவே வளர்த்த குரல். வெளியே போன மாட்டு வண்டிக்காரன் பிடிகயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினான்.

“கொஞ்சம் மெதுவா, ஐயா” என்றாள் சாரம்மாள்.